நீல மேக ஹெல்மெட்

சித்தையன்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் சொன்னாள்:

“மதினி, நேத்து அவுக கிரிக்கெட் ஹெல்மெட்ட பெயிண்ட் தண்ணியில முக்கிட்டேன்.”

“ஆத்தாடி! எதுக்குடி?”

“தொட்டித் தண்ணி மேல நீலமும் வெள்ளையுமா பெயிண்ட சொட்டு விட்டேன். கரையாம மெதந்துச்சு. ஹெல்மெட்ட முக்கித் தூக்குனா, மேகமாட்டம் அப்பிக்கிருச்சு!”

“எந்தம்பி வஞ்சானா?”

“சோறு ஆறுற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு இருந்தாக. இதே மாதிரி இன்னொண்ணு போடுங்கிறாக. தண்ணி ஒருக்கா வரைஞ்சத மறுக்கா வரையுமா, மதினி?”

“அப்ப ஒண்ணே ஒண்ணுதானா?”

“மிச்சம் இங்கன இருக்கு.”

கையுறை போட மறந்திருக்கிறாள். நீட்டிய கையில் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை நீல மேகம். இறங்கும் வரை மதினி அந்தக் கையை விடவில்லை.