இல்லாத சங்கப்பாவும் இருக்கிற நீலவ்வாவும்

என் பேச்சு நீளுமோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் அவைத்தலைவர் அவர்களே, எழுதி எழுதி விரல் தேய்ந்த மூத்த செய்தியாளப் பெருமக்களே, வெங்காய ஏலத்தை விட்டுவிட்டு இந்த ஹுப்பள்ளி மன்றத்தின் முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, ஓசிப் பத்திரிகை வாசித்தே உலகை அளந்த உள்ளூர் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் ஒரு பத்திரிகை ஆசிரியையின் அன்பு வணக்கம்.

செய்தி என்பது என்ன? கண்டதைச் சொல்வதா, கற்பனையைச் சொல்வதா? கேட்டதை எழுதுவதா, கேட்காததையும் கேட்டதாக எழுதுவதா? சிரிக்கிறீர்கள். மேடையில் என் பக்கத்தில் இருக்கும் நிருபர் ஈரண்ணா மட்டும் சிரிக்கவில்லை, பாருங்கள். கதை அவருடையது. சொல்லிக்கொள்ளலாம் என்று அவரே சம்மதம் தந்திருக்கிறார்.

போன மழைக்காலத்தில் வெங்காய விலை விழுந்து கிடந்தது. அரசு கொள்முதல் நிலையம் திறக்குமா என்று சந்தையே காத்திருந்தது. ஒரு விவசாயியிடம் கருத்துக் கேட்டு எழுதுங்கள் என்று ஈரண்ணாவிடம் சொன்னேன். வெளியே அடைமழை. மனிதர் என்ன செய்தார்? நாற்காலியை விட்டு நகராமல், தேநீர் ஆறுவதற்குள், ஒரு விவசாயியையே படைத்து, சங்கப்பா என்று பெயரும் வைத்துவிட்டார். "கிடைக்கிற விலையே எங்களுக்குப் போதும்" என்று திருவாய் மலர்ந்தாராம் சங்கப்பா.

மறுநாள் அது அச்சாகி வந்த பக்கத்தையே சந்தை அதிகாரி விவசாயிகளிடம் நீட்டினார். "உங்க ஆளே போதும்ங்கிறாரு, அப்புறம் நிலையம் எதுக்கு?" என்று கையை விரித்தார். சந்தையில் தன் வெங்காயம் மூட்டை மூட்டையாக அழுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்த விவசாயி நீலவ்வா நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

"அந்த சங்கப்பாவக் கொஞ்சம் காட்டுங்க. அவ்வளவு திருப்தியான மனுசன் இருந்தா என் பொண்ணையே கட்டி வெக்கிறேன்."

ஈரண்ணா தலை நிமிரவில்லை. "அப்படி யாரும் இல்லக்கா. நானா எழுதினது."

"என் வெங்காயம் நெசமா அழுகுது தம்பி. உன் ஆளு பொய்யா சிரிக்கிறான்."

சங்கப்பா எங்கள் இட்டுக்கட்டு என்று முதல் பக்கத்திலேயே போட்டேன். அதற்கு அருகிலேயே நீலவ்வா சொன்னதைச் சொன்னபடி போட்டேன். "கடைய மூடிட்டுப் போயிரலாமா?" என்றார் பத்திரிகை முதலாளி. அதிகாரியோ அதற்கும் மசியவில்லை. "நேத்து சங்கப்பா கற்பனை. இன்னிக்கு நீலவ்வா மட்டும் நெசம்னு எப்படி நம்புறது?" என்று கேட்டார். அன்றுதான் எனக்குப் புரிந்தது. பொய் எழுதினால் போவது பொய் மட்டுமா? பக்கத்தில் நிற்கும் மெய்யும் அல்லவா சேர்ந்து போகிறது!

ஈரண்ணா மழையில் நனைந்துகொண்டே நீலவ்வாவை அழைத்துப்போய் அதிகாரியின் முன் நிறுத்தினார். அழுகிய வெங்காயக் கூடையை மேசைமேல் வைத்தார் நீலவ்வா. "நான்தான் நீலவ்வா. சந்தேகமா இருந்தா கிள்ளிப் பாருங்க. அப்படியே இதையும் மோந்து பாருங்க." அந்த வாரமே நிலையம் திறந்தது. கைதட்டலை நீலவ்வாவுக்குத் தாருங்கள், எனக்கு வேண்டாம்.

இப்போது ஈரண்ணா யார் பேசினாலும் எழுதியதை வாசித்துக் காட்டாமல் விடுவதில்லை. அண்மையில் நீலவ்வா அதே அதிகாரியைத் திட்டித் தீர்த்துவிட்டு, "அந்த வசவ மட்டும் எடுத்துடு தம்பி" என்றார்.

"நீங்க சொன்னதுதானக்கா?"

"ஆமா."

"அப்ப இருக்கட்டும்."

வசவும் அச்சாகிவிட்டது. அதோ, முன்வரிசையில் இன்னும் கோபமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நண்பர்களே, இல்லாதவரை எழுத ஒரு நாற்காலி போதும். இருப்பவரை எழுத மழையில் இறங்க வேண்டும். வெளியே இப்போதும் தூறுகிறது. நனைந்தவர்களுக்கும் இனி நனையப் போகிறவர்களுக்கும் என் நன்றி, வணக்கம்.