அண்ணன் பேசிய அன்று

டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறது, ஐயா. அண்ணனுக்கும் இப்படித்தான் பிடிக்கும். எல்லாம் தொடங்கியதே ஒரு கிளாஸ் டீயில்தான்.

நான் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். பக்கவாதம் வந்து அண்ணனுக்கு வலக்கையும் பேச்சும் போன பிறகு, குளிப்பாட்டியது, ஊட்டியது, துணி மாற்றியது எல்லாம் நான்தான். முகம் சுளித்ததில்லை. 'தம்பி' என்று ஒருதரம் கூப்பிட்டால் போதும் என்றிருந்தேன்.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மா வாரம் ஒருமுறை வருவார். அவர் ராகம் போட்டு இழுத்தால் அண்ணனும் கூடவே "தண்ணி" என்பார், சிரிப்பார். என்னைக் கண்டால் வாய் பூட்டிக்கொள்ளும்.

ஒருநாள் டீ அண்ணன் தொடையில் கொட்டிவிட்டது. "நாசமாப் போறவனே" என்றார், மணி மணியாக.

அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"அது தானா வர்ற வார்த்தைங்க. சூடு பட்டா வாயில வந்துரும். மறுபடி சொல்லச் சொன்னா வராது. நீங்க பேசுறது அவருக்குப் புரியும், பதில்தான் உள்ள சிக்கிக்குது. அவசரப்படுத்தாதீங்க."

"சிக்கினதைத் தட்டித்தானேம்மா எடுக்கணும்?"

"அண்ணே, அவரு என்ன துருப்பிடிச்ச பூட்டா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாற்பது வயதில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் அண்ணன். தப்பாக எழுதினால் நடுமண்டையில் குட்டுவார். எழுத்து வந்ததா இல்லையா?

முதலில் குட்டினேன். ஒரு கெட்ட வார்த்தை வந்தது. மறுநாள் கன்னத்தில். பிறகு மூட்டைக் கொக்கியை எடுத்தேன். முனையால் இல்லை ஐயா, மரப்பிடியால்தான். "தம்பி சொல்லுண்ணே" என்று பொறுமையாகத்தான் கேட்பேன்.

காயத்தைப் பார்த்து அந்த அம்மா கேட்டார். கட்டிலிலிருந்து விழுந்தார் என்றேன். அண்ணன் இடக்கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"பாருங்க, உங்களைத்தான் தேடுறாரு" என்றார் அந்த அம்மா.

சுட்டிக்காட்டியே பழகிவிட்டால் பேச்சு எங்கே வரும்? அவர் போனதும் அந்த விரலில் தொடங்கினேன். மூன்றாவது விரல் ஒடிந்தபோது 'த' வந்தது. அதற்கப்புறம் எப்படி நிறுத்துவது, நீங்களே சொல்லுங்கள்.

விலாவில் இரண்டு அடி. வந்துவிட்டது.

"தம்பி, வேணாம்டா."

பிசிறே இல்லை. இன்னொருதரம் கேட்க ஆசைப்பட்டு நெற்றியில் ஓங்கினேன். அதோடு சரி. மறுபடி சொல்லச் சொன்னால் வராது என்று அந்த அம்மா சொன்னது உண்மைதான்.

அண்ணனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே, அவரைப் பேச வைத்ததும் நான்தான் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், ஐயா.