கடைசி அறைக்கு வழி

கோட்டை ஆட்டத்தில் இருந்தவர்கள்: ரேடியோ திருத்தும் புஹாரி நானா, நில அளவைக் கந்தோரில் படம் வரையும் ஜெயரட்ணம் அண்ணன், துணி ஆலையில் இரவு வேலை பார்க்கும் நான். இடம் மாத்தளையில் நானாவின் கடை. வருடம் எண்பத்தேழு.

எனக்குப் பகலில் தூக்கம் வராது. எல்லாம் அதனால்தான்.

குவைத்திலிருந்து நானாவின் மச்சான் அனுப்பிய கம்பியூட்டரில் அந்த ஆட்டம் இருந்தது. கோட்டையின் அறைகள் மூலைப்பக்கமாகத் திரும்பி நிற்கும். குட்டி வீரன் சாவி, கிரீடம் என்று ஒரு நேரத்தில் இரண்டு சாமான்தான் தூக்குவான். எட்டாத இடத்துக்குச் சாமானைக் கீழே வைத்து, அதன் மேல் ஏறிக் குதிக்க வேண்டும். அவன் குதித்தால் நாங்களும் கதிரையோடு எழும்புவோம். ஒருநாள் திடீரென்று வந்த பேய்க்கு நானா ஸலாம் சொல்லிவிட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் கெட்டிக்காரனாக இருந்த ஒரே இடம் அது.

அண்ணன் கோட்டை முழுவதையும் மூலைமட்டம் வைத்துத் தாளில் வரைந்தார். காவலாளி, சாவி, வெடிமருந்துப் பீப்பாய், எல்லாம் கந்தோர் சுத்தம். கடைசி அறைக்கு வழி பிடிபட்டதாம், சனிக்கிழமை முடித்துக் காட்டுவாராம். நான் நாலு மாதமாக விளையாடுகிறேன். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான்.

வெள்ளிக்கிழமை, தம்புள்ளை பஸ்ஸில், அந்தத் தாளோடு அவரை ராணுவத்தார் பிடித்தார்கள். அவருக்குச் சிங்களம் தெரியாது. என் பெயரைச் சொன்னார். மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப் போனார்கள்.

தாளைக் காட்டி, இது எந்த ராணுவ முகாம் என்று சார்ஜன்ட் கேட்டார். நியாயமான கேள்வி.

"கம்பியூட்டர் விளையாட்டு எண்டு சொல்லும் தம்பி." என்னைக் கண்டதும் அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப கடைசி அறைக்கு எப்படிப் போறது? சொல்லுங்கண்ணே."

தன்னைக் காப்பாற்றத்தான் கேட்கிறேன் என்று நினைத்து மளமளவென்று சொன்னார். "கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு திரியாதையும். அதைக் கீழ வைச்சு, மேல ஏறிக் குதியும்."

அவ்வளவு லேசு. நாலு மாதம் அந்தக் கிரீடத்தைப் பொத்திப் பொத்திச் சுமந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு பொங்கியது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

என்ன சொல்கிறான் என்றார் சார்ஜன்ட். எந்த முகாம் என்று சொல்ல மாட்டாராம் என்றேன்.

சனிக்கிழமை நான் முடித்தேன். திங்கட்கிழமை உண்மையைச் சொல்லப் போனேன். அதற்குள் அவரை வேறெங்கோ கொண்டுபோயிருந்தார்கள். மனைவி தவமணிதேவி இன்னும் தேடுகிறார். நான் பிந்தியது ஒரு நாள்தான், ஞாயிறு.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் என் தோளில் தட்டி, "பெரிய உதவி தம்பி" என்றார். சார்ஜன்ட் காட்டிய அறைக்குள் தானாகவே போனார். கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.