ஆயிரம் வருசத்துக் கோயில்

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் கம்மாபுரம் பஸ் இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன் சீட்டில் இரண்டு விவசாயிகள்.

"பொய் சொன்ன வரைக்கும் எங்கூரு குருக்களு நல்லாத்தான் இருந்தாரு."

"இப்ப என்னாங்க ஆச்சு?"

"படிச்சுப்புட்டு காலேஜுல வரலாற்று புரொபசரு ஆயிட்டாரு. பூசை பண்ணப்பல்லாம் இது ஆயிரம் வருசத்துக் கோயிலுன்னு தெனம் சொன்னவருதான். இப்ப நெலக்கரி சுரங்கத்துக்கு ஊர எடுக்குறாங்களே, அதையே எழுதிக் குடுங்க, கோயிலாவது தப்பிக்கும்னு போயி நின்னோம்."

"குடுத்தாரா?"

"ஆதாரம் இல்லியாம். அவரு தாத்தா காலத்துல கட்டுனதுதானாம்."

"சரிதான், படிச்சவரு."

"வாசல் வரைக்கும் கூடவே வந்தாருங்க. கோயில இடிக்க சாமிய வெளிய எடுக்குற அன்னிக்கு வேற யாரையும் கூப்புடாதீங்க, மந்திரம் நான்தான் சொல்வேன்னாரு."