மதலேனா கடை விலாசம்

எங்க சந்துல நல்ல பாண் வேணும்னா காலையில ஆறரைக்கு முன்னாடி போயிரணும், தம்பி. அதுக்கப்புறம் போனா ஷிராஸ் பேக்கரியில ஓரம் கருகினது தான் மிஞ்சும். நீங்க பதுளைக்கு மாத்தலாகி வந்து மூணு மாசம் தான் ஆகுதுன்னு சொன்னீங்க, அதனால சொல்லி வைக்கிறேன். வாக்குமூலத்துல இத எழுத வேணாம். எழுதினாலும் பரவாயில்ல, உண்மை தானே.

நீங்க தமிழ்ல எழுதிக்கிறது எனக்கு சந்தோசம். சிங்களம் எனக்கு நல்லா வரும், ஆனா இந்த விசயத்த தமிழ்ல சொன்னா தான் நான் நெனச்சது நெனச்ச மாதிரி வரும். பேரு மதலேனா. வயசு ஐம்பத்தாறு. கராஜ் சந்துல தையல் கடை, வீடு கடைக்குப் பின்னாலயே. வீட்டுக்காரர் எட்வர்ட் தவறி ஆறு வருசம். புள்ளக்குட்டி இல்ல.

விதுஷா பொலிஸ்ல குடுத்த முறைப்பாடு சரி தான். அந்தக் கடுதாசி ரெண்டும் என் கடை மேசை லாச்சியில தான் இருந்துச்சு. நான் இல்லேன்னு சொல்லப் போறதில்ல. ஆனா அந்தப் புள்ள எங்க சந்துக்கு வந்த நாள்லருந்து சொன்னா தான் உங்களுக்கு வெளங்கும். கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

பெரகலைக்கு மேல இருக்குற ஒரு தேயிலைத் தோட்டத்துப் புள்ள அவ. லயத்து வரிசை வீட்டுல பொறந்து வளந்தவ. அப்பா இல்ல, அம்மா பெரியாயி கொழுந்து எடுக்குறவங்க. பத்தொம்பது வயசுல தையல் பழக என்கிட்ட வந்தா. திங்கக்கெழம காலையில மொத பஸ்ல வருவா, சனிக்கெழம பின்னேரம் ஊருக்குப் போவா, நடுவுல சாப்பாடு தூக்கமெல்லாம் என் வீட்டுல. எட்வர்ட் தைச்ச மெஷின் சும்மா தான் கெடந்துச்சு. அதுல ஒக்கார வச்சேன். வந்த புதுசுல தலைய நிமிர்த்த மாட்டா. யாராவது வாசல்ல வந்தா துணிக்குப் பின்னால முகத்த ஒளிச்சுக்குவா.

நானும் லயத்துலருந்து வந்தவ தான். அந்தப் பயம் எனக்குத் தெரியும். அதனால கடைய சாத்தினதும் நாளைக்கு ஒரு வீடுன்னு அவள கூட்டிட்டுப் போனேன். மொத நாள் மெனிக்கே அக்கா வீடு. அவங்க கொலகந்த, அதான் எலைக்கஞ்சி, காச்சி விக்கிறவங்க. ஒரு கப்ப ஊத்திக் குடுத்து "பொன்ன துவே"ன்னாங்க. குடி மகளேன்னு அர்த்தம், ஒங்களுக்குத் தெரியாததா. இவ ஒரு வாய் குடிச்சிட்டு முகத்த சுளிச்சதப் பாத்து மெனிக்கே அக்கா சிரிச்ச சிரிப்பு சந்து பூரா கேட்டுச்சு. அடுத்த நாள் எதிர்த்த வீட்டு ஸுலைஹா. நோன்பு மாசம், கஞ்சி வாளியோட நின்னாங்க. "இந்தப் புள்ளைய ஏன் இப்படி பட்டினி போடுற மதலேனா"ன்னு என்னையே திட்டிட்டு இவளுக்கு ரெண்டு கோப்பை. கோயில் தேர் எங்க சந்துக்குள்ள திரும்புறப்போ ஷிராஸ் பாண் ராக்கைய உள்ள இழுத்துக்குவாரு, இல்லாட்டி சக்கரம் திரும்பாது. பெரஹரா ஊர்வலம் வந்தா அவரு கடை மாடியில தான் நாங்க எல்லாரும் நிப்போம். வெசாக்குக்கு வெளக்குக் கூடு கட்டுறப்போ இவ தான் தாள் வெட்டிக் குடுப்பா. முப்பத்தோரு வீட்டுக்கும் ஒவ்வொண்ணா அறிமுகப்படுத்தினது நான்.

ஒரு வருசத்துல ஆளே மாறிட்டா. மரக்கறிக்காரன்கிட்ட சிங்களத்துல வாயடிப்பா. ஷிராஸ் கடையில போயி, "ஏன் மொதலாளி, மாலு பணிஸ்ல இருந்த மீனு நீந்திப் போயிருச்சா"ன்னு கேப்பா. அவரும் ஒண்ணு கூட வச்சிக் குடுத்து அனுப்புவாரு. சிங்களம் பேச மட்டுமில்ல, வாசிக்கவும் நான் தான் கத்துக் குடுத்தேன். காலையில கடை தொறக்கறப்போ சந்துல போற வாறவங்க எல்லாம் "விதுஷா எங்க"ன்னு தான் கேப்பாங்க. எனக்குப் பெருமையா இருக்கும். பொறாமை எல்லாம் இல்ல தம்பி, அப்படி எழுதிறாதீங்க.

இப்ப பெரியாயி விசயத்துக்கு வாறேன். அவங்களுக்கு இருதயத்துல வால்வு கெட்டுப் போச்சு. பதுளை கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போனதே நான் தான். டாக்டர் கொழும்புக்கு எழுதினாரு, ஆபரேசன் பண்ணணும், முறை வர்றப்போ கடுதாசி போடுவாங்கன்னு. படிவத்துல விலாசம் கேட்டாங்க. தோட்டத்து விலாசம் குடுத்தா என்ன ஆகும்னு ஒங்களுக்குத் தெரியுமா? லயத்துக்குன்னு நம்பர் கெடையாது. கடுதாசி எல்லாம் ஒண்ணா தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்க மேசையில கெடந்து, தபால் தூக்குற ரெங்கசாமிக்கு நேரம் இருக்குறப்போ, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துல பேரக் கூப்பிட்டுக் குடுப்பாரு. அந்த டிவிசன்ல பெரியாயின்னு மட்டும் மூணு பேரு. ஒருத்தியோட கடுதாசி இன்னொருத்தி வீட்டு அலமாரியில வருசக்கணக்கா கெடந்த கதையெல்லாம் உண்டு. அதனால எங்க தோட்டத்து ஆளுங்க முக்கியமான காரியம்னா டவுன்ல தெரிஞ்ச கடை விலாசத்தக் குடுத்துருவாங்க. பெரியாயியும், "அக்கா, ஒங்க கடை விலாசத்தையே போட்டுருங்க, அப்ப தான் எனக்கு நிம்மதி"ன்னாங்க. படிவத்த நானே நெரப்பினேன். போன் நம்பரும் என்னோடது தான், லயத்துல சிக்னல் கெடையாது, விதுஷாகிட்ட அப்ப போன் இல்ல. நல்ல எண்ணத்துல தான் குடுத்தேன். அத நீங்க கட்டாயம் எழுதிக்கணும்.

அதுக்குப் பிறகு ஒரு நாள் காஜா எடுத்துக்கிட்டே விதுஷா சொன்னா: "ஆபரேசன் முடிஞ்சா அம்மா மலையேறக் கூடாதாம் அக்கா. விஜேந்திரன் மாமா மொனராகலைக்கே வந்துருங்கன்னு சொல்றாரு. சமதரை, வீடும் இருக்கு. நானும் கூடப் போகணும், அம்மாவுக்கு வேற யாரு."

மெஷினுக்கு எண்ணெ விட்டேன். மொனராகலையில என்ன இருக்கு? வெயிலும் கரும்பும். ஆறு மைலுக்கு ஒரு கடை. இந்தப் புள்ள மறுபடியும் தலைய குனிஞ்சுக்கும், துணிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும். நான் ரெண்டு வருசம் பாடுபட்டு ஆளாக்கினது பாழாப் போகும். அவளுக்கு எது நல்லதுன்னு அவளுக்கே தெரியாத வயசு.

மொத கடுதாசி நவம்பர்ல வந்துச்சு. டிசம்பர் ஒம்பதாம் தேதி வார்ட்டுல வந்து நிக்கணும்னு இருந்துச்சு. அப்ப நத்தார் பண்டிகை உடுப்பு ஆடர் மலையா குமிஞ்சு கெடந்துச்சு, நீங்க வேணும்னா சந்துல யாரையும் கேளுங்க. இந்த ரெண்டு வாரம் மட்டும் போகட்டும், பெறகு சொல்லிக்கலாம்னு கீழ் லாச்சியில துணி வெட்டுற பேட்டன் தாளுங்களுக்கு அடியில வச்சேன். ஆஸ்பத்திரியில வேற தேதி குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும். குடுத்தாங்களா இல்லையா?

பெரியாயி ஜனவரியில கடைக்கு வந்தாங்க. பஸ் ஸ்டாண்டுலருந்து எங்க சந்துக்கு வாறதுக்குள்ள ரெண்டு எடத்துல ஒக்காந்து எந்திரிச்சு வந்ததா சொன்னாங்க. ஒதடு நீலமா இருந்துச்சு. விதுஷாவ பட்டன் வாங்க அனுப்பியிருந்தேன். ஸ்டூல போட்டு ஒக்கார வச்சு, இஞ்சி போட்டு டீ குடுத்தேன்.

"காயிதம் ஏதும் வந்துச்சாக்கா?"

"இன்னும் வரல பெரியாயி. வந்தா நான் சும்மா இருப்பேனா?"

"அதான, ஒங்களுக்குத் தெரியாதா. நான் சாமிய விட ஒங்களத் தான் நம்பியிருக்கேன்."

அவங்க மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. அன்னைக்கு அவங்களுக்கு ஒரு ஜாக்கெட்டுக்கு அளவெடுத்து, என் துணியிலயே தைச்சுக் குடுத்தேன். அவங்க போனதும் மனசு கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு. பூசைக்குப் போயி ஒரு மெழுகுவர்த்தி ஏத்தினேன். ரெண்டாவது கடுதாசி அதே மாசக் கடைசியில வந்துச்சு. பிப்ரவரி இருபதாம் தேதி போட்டிருந்துச்சு. மொதக் கடுதாசிய குடுக்காதவ ரெண்டாவத எப்படிக் குடுக்குறது, நீங்களே சொல்லுங்க. குடுத்தா அதுல மொதக் கடுதாசியப் பத்தியும் எழுதியிருக்கு. அதையும் அதே லாச்சியில வச்சேன்.

ஏப்ரல்ல, புதுவருசம் முடிஞ்சு நாலாம் நாள், பெரியாயி மலையில கொழுந்துக் கூடையோட ஒக்காந்தவங்க எந்திரிக்கல. சேதி வந்தப்ப விதுஷா ஸுலைஹா மகள் ஸல்மாவுக்கு தல பின்னிக்கிட்டிருந்தா. நான் தான் அவள தோட்டத்துக்கு கூட்டிட்டுப் போனேன். பெட்டியில போடுறதுக்கு வெள்ள ஜாக்கெட்டும் நானே தைச்சுக் கொண்டு போனேன். அளவு என்கிட்ட இருந்துச்சே.

காரியம் முடிஞ்சதும் விதுஷா கிளினிக் கொப்பிய திருப்பிக் குடுக்கப் போனா. அங்க இருந்த நர்ஸ் மிஸ்ஸி, கொழும்புலருந்து ரெண்டு தடவ கடுதாசி போட்டும் ஏன் போகலேன்னு கேட்டாங்களாம். புள்ள ஓடி வந்து என்கிட்ட தான் கேட்டா. கிளினிக் கொப்பியோட அட்டையில பழைய தோட்டத்து விலாசம் இருந்துச்சு. அந்த விலாசத்துக்குத் தான் போட்டிருப்பாங்கன்னு நான் சொன்னேன். மூணு பெரியாயியில எவகிட்டயோ போயிருக்கும்னு சொன்னேன். அது நடக்கக் கூடிய காரியம் தான், அதனால உடனே நம்பிட்டா. நேரா தோட்டத்துக்குப் போயி பெரட்டுக் களத்துல எல்லாரும் பாக்க ரெங்கசாமி சட்டையப் புடிச்சுட்டா. "எங்கம்மாவ கொன்னுட்டியே"ன்னு கத்தினா. மனுசன் அறுபத்திமூணு வயசுக்காரரு, ஒண்ணும் புரியாம கையெடுத்துக் கும்பிட்டாரு. நான் தான் அவ கையப் புடிச்சு இழுத்தேன். "வயசானவரு, விடு புள்ள, தெரியாம பண்ணியிருப்பாரு"ன்னு சமாதானம் பண்ணினேன். அதுக்குப் பெறகு அவருகிட்டருந்து தபால் வேலைய எடுத்துட்டு புல்லு வெட்டப் போட்டுட்டாங்களாம். கேக்கப் பாவமா தான் இருந்துச்சு.

அந்த நாலு மாசமும் நல்லாத் தான் போச்சு தம்பி. விஜேந்திரன் வந்து கூப்பிட்டப்ப, மதலேனாக்கா கூடவே இருந்துக்கிறேன்னு சொல்லிட்டா. சனிக்கெழமையும் இப்ப போறதுக்கு ஊர் இல்ல. ராத்திரி சோறு ரெண்டு பேருக்கும் ஒண்ணா வடிப்பேன். என்னைய ஒரு தடவ அம்மான்னு கூப்பிட்டுட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டா.

பெறகு போன மாசம் ஸல்மாவோட ஸ்கூல் கவுன் வெட்ட பேட்டன் தேடி கீழ் லாச்சிய தொறந்துட்டா. நான் வெளியில தான் போயிருந்தேன், நூல் வாங்க. திரும்பி வந்தா ரெண்டு கடுதாசியையும் மெஷின் மேல விரிச்சு வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா. ஒவ்வொரு சிங்கள வரியா வெரல வச்சு வாசிச்சிருக்கா. கத்தல, அழல. "நீங்களாக்கா?"ன்னு மட்டும் கேட்டா. எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கல. நான் கெட்டவளா இருந்திருந்தா அந்தத் தாள அன்னைக்கே அடுப்புல போட்டிருப்பேன். பத்திரமா வச்சிருந்தேனே, அத அவ யோசிக்கல.

நீங்க கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டேன். இன்னொண்ணு அந்தப் புள்ளைக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஒங்களுக்குத் தான் மொதல்ல சொல்றேன், ஏன்னா வாக்குமூலம்னா முழுசா இருக்கணும். பிப்ரவரி இருபத்திரெண்டாம் தேதி பகல்ல கொழும்புலருந்து போன் வந்துச்சு. நர்ஸ் பொண்ணு, நல்ல மரியாதையா பேசினா. ரெண்டு தடவையும் வரலியே, இன்னொரு தேதி தரட்டுமா, இதுக்கு மேல தள்ளினா நோயாளிக்கு ஆபத்துன்னா. நீங்க மகளான்னு கேட்டா. ஓவ், ஆமான்னு சொன்னேன். அம்மாவுக்கு ஆபரேசன் வேணாமாம், பயப்படுறாங்க, நாட்டு மருந்து பாக்குறோம், பேர வெட்டிருங்கன்னு சொன்னேன். நல்லா யோசிச்சீங்களான்னு கேட்டா. யோசிச்சாச்சுன்னேன். விதுஷா அப்ப எனக்கு முன்னால தான் காலர் தைச்சுக்கிட்டிருந்தா. மெஷின் சத்தத்துல அவளுக்கு ஒண்ணும் கேக்கல. போன்ல யாருன்னு கேட்டா, துணிக்கடைக்காரங்கன்னு சொன்னேன்.

ஆபத்துன்னா என்னன்னு எனக்குத் தெரியும். பெரியாயி செத்துப் போவாங்கன்னு தெரிஞ்சு தான் சொன்னேன். எழுதிக்கங்க.

இப்ப சந்துல யாரும் என் கடைக்கு வர்றதில்ல. மெனிக்கே அக்கா முகத்த திருப்பிக்கிறாங்க. ஷிராஸ் பாண கையில தராம பலகையில வைக்கிறாரு. அதெல்லாம் போகப் போக சரியாயிரும். விஜேந்திரன் மறுபடி வந்து விதுஷாவ கூப்பிட்டாரு, வேன் கூட கொண்டு வந்தாரு. வழக்கு முடியிற வரைக்கும் இந்த எடத்த விட்டு அசைய மாட்டேன்னு சொல்லி ஸுலைஹா வீட்டுல தங்கிட்டா. எங்க வாசலுக்கு நேர் எதிர்த்தாப்புல தான் அந்த வீடு. காலையில கதவ தொறந்து என் கடையவே பாத்துக்கிட்டு நிக்கிறா. நான் தையல்ல இருந்து நிமிர்ந்தா அவ முகம் தெரியும்.

நான் பண்ணினது தப்புன்னு நீங்க எழுதிக்கலாம். ஆனா அவ மொனராகலைக்குப் போகல பாத்தீங்களா.