கீழ் ஓஸும் பஸ் வீடும்

கிஷன்: மூடியத் தொறக்காதீங்க அங்கிள். கைய எடுங்க மொதல்ல.

ராமையா: இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினவன் தம்பி நான். ரேடியேட்டர் மூடிய எப்பத் தொறக்கணும்னு எனக்குத்…

கிஷன்: தெரியும்ல. அப்புறம் ஏன் கையில துணி சுத்தியிருக்கு?

ராமையா: அது… சும்மா.

கமலவேணி: சும்மா இல்ல தம்பி. மெர்லிமாவுல ஒருதரம், உம்பாய் ஊருகிட்ட ஒருதரம் தொறந்தாரு. வெந்நீ பீச்சியடிச்சு கை செவந்து கெடக்கு.

ராமையா: உன்னைக் கேட்டாங்களா? நீ உள்ள போய் ஒக்காரு.

கமலவேணி: உள்ள எப்படி ஒக்கார்றது? அடுப்பு மேல ஒக்காந்த மாதிரி இருக்கு.

கிஷன்: ஆறட்டும். ஆறினப்புறம் பாப்போம். எங்கருந்து வர்றீங்க அங்கிள்?

ராமையா: சுங்கை ரம்பாய்.

கிஷன்: சுங்கை ரம்பாயிலேருந்து எங்க ஊரு தங்கா பத்துக்கா? மலாக்கா டவுனையே தாண்டி வந்திருக்கீங்க. வழியில எத்தன ஒர்க்‌ஷாப் இருக்கு.

ராமையா: இருக்கு. நிறுத்தத் தோணல.

கமலவேணி: நானும் சொன்னேன் தம்பி. டவுன்லயே காட்டலாம்னு. கேட்டாத்தானே.

கிஷன்: காடி நல்லாத்தான் இருக்கு. உள்ள கட்டிலு, அடுப்பு, சிங்க்… மினி பஸ்ஸ முழு வீடா ஆக்கிட்டீங்களே. யாரு செஞ்சது?

ராமையா: நான்தான். வேலைய விட்டு நின்னதும் கம்பெனி பழைய பஸ் ஒன்ன வித்தாங்க. ஒரு வருஷம் ஆச்சு, பலகை அடிச்சு, பைப்பு இழுத்து…

கமலவேணி: வடக்கே பெர்லிஸ் வரைக்கும் போறோமாம். இன்னிக்குத்தான் மொத நாளு. மொத நாளே இப்படி.

ராமையா: வண்டியே ஓடலேங்கிற மாதிரி பேசாத.

கிஷன்: சரி, சொல்லுங்க. எப்ப சூடேறுது?

ராமையா: அதான் புரியல. டவுனுக்குள்ள ஜேம்ல நின்னா சூட்டு முள்ளு பாதியிலயே நிக்குது. நேர் ரோட்டுல கொஞ்சம் எண்ணெய மிதிச்சு வேகமாப் போனா போதும், செவப்புக்குப் போயிருது.

கிஷன்: தலைகீழா இருக்கே. ஜேம்ல தானே சூடேறணும்.

ராமையா: அதேதான் நானும் சொன்னேன். வண்டி ரிப்பேர் பாக்குற எங்க ஊரு போமன் கேட்டாத்தானே. தெர்மோஸ்டாட்ட மாத்தினான். பெல்ட்ட மாத்தினான். ரேடியேட்டர கழட்டிக் கழுவினான். ஒன்னும் ஆகல.

கிஷன்: தண்ணி கொறையுதா?

ராமையா: மூடியத் தொறந்தப்ப பீச்சினதோட சரி, மத்தபடி சொட்டுக் கூட கொறையல. கீழ அட்டை விரிச்சு வெச்சுப் பாத்தேன். காஞ்சு கெடக்கு.

கமலவேணி: தேத்தண்ணி போடட்டா? உங்களுக்கு சீனி அரைக் கரண்டிதானே தம்பி.

ராமையா: அவருக்கு எவ்வளவு சீனின்னு உனக்கு எப்படித் தெரியும்?

கமலவேணி: அது… இந்தக் காலத்துப் புள்ளைங்க எல்லாம் கொறச்சுத்தானே குடிக்குதுங்க.

ராமையா: ம்.

கிஷன்: அங்கிள், ஆறிருச்சு. இந்த மேல் ஓஸ, ரப்பர் குழாய, அமுக்கிப் பாருங்க.

ராமையா: கெட்டியா இருக்கு.

கிஷன்: இப்ப கீழ் ஓஸ். கைய வளைச்சு உள்ள விடுங்க… ஆங், அதுதான்.

ராமையா: என்னய்யா இது, பழுத்த வாழப்பழம் மாதிரி கொழகொழன்னு.

கிஷன்: வெடிப்பு இல்ல, ஒழுகல் இல்ல. அதனால யாரும் சந்தேகப்படல. இருங்க, ஓட விட்டுப் பாப்போம். நீங்க ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க. நான் கைய ஆட்டுற வரைக்கும் எண்ணெய மிதிச்சுக்கிட்டே இருங்க. ஆண்டி, நீங்க இந்த டார்ச்சப் புடிங்க. ஃபேன் பக்கம் வராதீங்க.

ராமையா: மிதிக்கிறேன். பாத்துச் சொல்லு.

கமலவேணி: இந்த எரைச்சல்ல அவருக்குக் கேக்காதுல்ல? சொல்லுங்க மாப்ள, திவ்யா எங்க?

கிஷன்: பின்னால வீட்டுலதான் அத்தை. ஜன்னல் வழியா அப்பாவப் பாத்துட்டு அழுதுகிட்டு நிக்கிறா. வெளிய வராதேன்னு சொல்லியிருக்கேன்.

கமலவேணி: வரவேணாம், வரவேணாம். நான் மாசாமாசம் இங்க வந்துட்டுப் போறதே அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா வீடு ரெண்டாயிரும்.

கிஷன்: நீங்க கூட்டியாரலையா?

கமலவேணி: நானா? கிளெபாங் தாண்டினதும் அவரா சிக்னல் போட்டாரு, அவரா உங்க ஒர்க்‌ஷாப்புக்குள்ள திருப்பிட்டாரு. மக சொல்லாம போயி ரிஜிஸ்டர் பண்ணிக்கிட்டான்னு ரெண்டு வருஷமா அவ பேரையே எடுக்காத மனுஷன். உங்க மொகத்த அவரு பாத்ததில்ல. அதனால பொழச்சோம்.

கிஷன்: டார்ச்சக் கீழ காட்டுங்க அத்தை. இன்னும் கீழ… அங்க பாருங்க, அங்க.

கமலவேணி: அய்ய, அந்த ஓஸு ஒட்டிப் போகுதே. பட்டினி கெடந்த வயிறு மாதிரி.

ராமையா: என்ன அங்க முணுமுணுப்பு? போதுமா?

கிஷன்: இன்னும் கொஞ்சம் மிதிங்க மாமா… அங்கிள். இன்னும் கொஞ்சம் அங்கிள்.

ராமையா: மிதிச்சுட்டேன்.

கிஷன்: போதும். எஞ்சின அடைங்க. எறங்கி வாங்க. கண்டுபுடிச்சாச்சு.

ராமையா: என்னவாம்?

கிஷன்: கீழ் ஓஸ்தான். எஞ்சின் மெதுவா ஓடுறப்ப பம்ப்பு மெதுவா இழுக்குது, ஓஸு தாங்குது. வேகமா ஓடினா பம்ப்பு வேகமா உறிஞ்சுது. ஓஸு கொழகொழன்னு இருக்கா, அப்படியே தட்டையா ஒட்டிக்குது. தண்ணி போக வழி இல்ல. எஞ்சின அடைச்சதும் பழையபடி உருண்டையாயிரும். தொறந்து பாக்குறவனுக்கு ஒன்னுமே தெரியாது.

ராமையா: அடேங்கப்பா. நின்னா நல்லவனாட்டம் இருக்கு, ஓடினாத்தான் குணத்தக் காட்டுது.

கிஷன்: ஆனா ஒன்னு அங்கிள். இந்த ஓஸுக்குள்ள ஒரு கம்பிச்சுருள் இருக்கணும். ஒட்டாம தாங்குறதுக்கு. அதக் காணோம்.

ராமையா: கம்பிச்சுருளா?

கிஷன்: ஸ்பிரிங் மாதிரி. நீளமா.

ராமையா: …ஓஸு மாத்தினப்ப துருப்புடிச்ச கம்பி ஒன்னு உள்ளருந்து வந்துச்சு.

கிஷன்: என்ன செஞ்சீங்க?

ராமையா: என்னமோ குப்பைன்னு…

கமலவேணி: அவரைக்காய்ப் பந்தல்ல கட்டியிருக்காரு தம்பி. நான் தெனமும் பாக்குறேன்.

ராமையா: நீ கொஞ்சம் வாய மூடுறியா?

கமலவேணி: இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினவரு.

ராமையா: ஓட்டினேன். கழட்டல லா.

கிஷன்: பரவால்ல அங்கிள். லோரிக்குப் போடுற கெட்டி ஓஸு எங்கிட்ட இருக்கு. அளவா வெட்டி, புதுச் சுருள் வெச்சுப் போட்டுர்றேன். கிளிப்பும் ரெண்டு மாத்திரலாம். தண்ணி வடியட்டும். தேத்தண்ணியக் குடிங்க.

ராமையா: நீயும் ஒக்காரு தம்பி. கல்யாணம் ஆச்சா?

கிஷன்: ஆச்சு.

ராமையா: பொண்ணு எந்த ஊரு?

கிஷன்: தெக்குப் பக்கம்.

ராமையா: தெக்கேன்னா?

கமலவேணி: ஏங்க, வந்த எடத்துல போலீசு மாதிரி கேட்டுக்கிட்டு…

ராமையா: பேச்சுக்குக் கேக்குறேன். மாமனார் என்ன செய்றாரு?

கிஷன்: காடி ஓட்டினாரு. இப்ப வீட்டுலதான்.

ராமையா: எப்படி ஆளு?

கிஷன்: நல்லவருன்னு என் வீட்டுல சொல்லும். சின்ன வயசுல கடைசி ட்ரிப்பு முடிச்சு வர்றப்ப வாசல்ல நின்னு ரெண்டு தரம் ஹாரன் அடிப்பாராம். தூங்குற புள்ள எந்திரிச்சு ஓடி வருமாம்.

ராமையா: …நீ பாத்ததில்லையா அவர?

கிஷன்: அவருக்கு என்னைப் பாக்க இஷ்டம் இல்ல.

ராமையா: ஏன்?

கிஷன்: தப்பு எம்மேலதான். நேரா போயி பொண்ணு கேட்டிருக்கணும். போகல.

ராமையா: ஏன் போகல?

கிஷன்: பயம். எண்ணெய்க் கையோட ஒரு போமன் வந்து நிக்கிறத அவரு எப்படிப் பாப்பாருன்னு. அந்தப் பொண்ணு ஆபீஸ்ல வேல பாக்குது. தொரத்திருவாருன்னு நெனச்சேன்.

ராமையா: தொரத்தியிருப்பாரு.

கிஷன்: …ஆமா அங்கிள்.

ராமையா: கண்டிப்பா தொரத்தியிருப்பாரு. நீ ரெண்டாவது தரம் போயிருக்கணும். மூனாவது தரம் போயிருந்தா, அந்த ஆளு ஒக்காருன்னு சொல்லியிருப்பாரு.

கிஷன்: அது எனக்குத் தெரியாமப் போச்சு.

ராமையா: அந்தப் புள்ள எப்படி இருக்கு?

கிஷன்: நல்லா இருக்கா. ஆனா நல்ல நாளு பெரிய நாளுன்னா ரோட்டப் பாத்துக்கிட்டு நிப்பா.

கமலவேணி: தேத்தண்ணி ஆறிருச்சு. குடுங்க, வேற போட்டுத் தர்றேன்.

ராமையா: ஆறினா என்ன, இதயே குடிக்கிறேன். தம்பி, ஓஸப் போடு.

கிஷன்: இந்த முனையப் புடிங்க அங்கிள்… தள்ளுங்க, இன்னும் உள்ள. கிளிப்ப முறுக்குறேன்.

ராமையா: ரொம்ப இறுக்காத. ரப்பர வெட்டிரும்.

கிஷன்: தெரியும் அங்கிள்.

ராமையா: தெரியும்னு எனக்கும் தெரியும். சும்மா சொன்னேன்.

கிஷன்: தண்ணி ஊத்தியாச்சு. ஏறி மிதிங்க… நல்லா மிதிங்க. இன்னும். ஆண்டி, டார்ச்சு.

கமலவேணி: ஒட்டல. உருண்டையா நிக்குது.

கிஷன்: முள்ளு எங்க இருக்கு அங்கிள்?

ராமையா: பாதியில. அசையல.

கிஷன்: கொஞ்ச நேரம் அப்படியே ஓடட்டும்… சரி. போதும், அடைங்க. இனி பெர்லிஸ் என்ன, தாய்லாந்து வரைக்கும் போகலாம். தண்ணிய மட்டும் காலையில பாத்துக்குங்க.

கமலவேணி: அப்பாடா. கெளம்புங்க. வெயில் ஏறுறதுக்குள்ள போயிரலாம்.

ராமையா: தம்பி, அந்த மாமரத்துக்குக் கீழ காடிய நிறுத்தினா உனக்கு எடஞ்சலா?

கிஷன்: நிறுத்தவா? எவ்வளவு நேரம்?

ராமையா: ஒரு வாரம், பத்து நாளு.

கமலவேணி: என்னங்க பேசுறீங்க. பெர்லிஸுக்குப் போறோம்ல?

ராமையா: பெர்லிஸுல எனக்கு யாரு இருக்கா?

கமலவேணி: இங்க மட்டும் யாரு…

ராமையா: போதும் கமலா. இந்த ரூட்டு பஸ்ஸுல கண்டக்டர் யாரு? நம்ம முனுசாமி. எங்கூட ஓடினவன். அண்ணி மாசாமாசம் தங்கா பத்துல எறங்குறாங்க, ஒர்க்‌ஷாப்புப் பக்கம் நடந்து போறாங்கன்னு மொத மாசமே வந்து சொல்லிட்டான்.

கமலவேணி: …தெரிஞ்சா ஏங்க ஒரு வார்த்த கேக்கல?

ராமையா: கேட்டா நீ போறத நிறுத்திருவ. அப்புறம் அவளுக்கு யாரு இருக்கா?

கிஷன்: அப்ப… நான் யாருன்னு உள்ள நுழையும்போதே உங்களுக்கு…

ராமையா: தெரியும். அதனாலதான் மலாக்காவுல நிறுத்தல. எஞ்சின் சூடானது மட்டும் நெசம். அது நான் கேக்காமயே வந்த ஒத்தாச.

கிஷன்: மாமா… உள்ள வாங்க. வீட்டுக்கு வாங்க மாமா. திவ்யா ஜன்னல்லயே நிக்கிறா.

ராமையா: அதான் முடியாது மாப்ள. அவ வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு அன்னிக்குக் கோவத்துல சொல்லிட்டேன். சொன்னத முழுங்க எனக்கு இன்னும் தெம்பு வரல. அதான் ஒரு வருஷம் ஒக்காந்து என் வீட்டுக்குச் சக்கரம் போட்டு, அவ வாசலுக்கே ஓட்டிக்கிட்டு வந்துட்டேன். போயி புள்ளைய ஏறி வரச் சொல்லு… படி கொஞ்சம் ஒசரம். பாத்து ஏறச் சொல்லு.