தொண்ணூறாம் பக்கத்துக்கு அப்புறம்

— ...அந்தப் பக்கம் போகாதீங்க தம்பி. ஒயர்ல கால் பட்டா கம்ப்யூட்டர் நின்னுடும்.

— எந்தப் பக்கம்தான் போறது அண்ணி? கட்டில் முழுக்க புத்தகப் பக்கமா விரிச்சு வச்சிருக்கீங்க.

— நாற்காலில துணி கிடக்கு பாருங்க, அதைத் தள்ளிட்டு உக்காருங்க. மெதுவா. பக்கத்து ரூம்ல உங்க அண்ணன் இப்பதான் கண் அசந்தாரு.

— உக்கார நேரமில்ல. ஃபைலைக் குடுத்தீங்கன்னா கிளம்பிடுவேன். அஞ்சு மணிக்குள்ள அச்சகத்துல இருக்கணும்.

— குடுக்காம நானா வச்சுக்கப் போறேன்? டீ குடிங்க.

— இப்பதானே குடுத்தீங்க.

— இன்னொரு வாய்...

— அண்ணி.

— ம்.

— முடிஞ்சிடுச்சுல்ல?

— முடிஞ்ச மாதிரிதான்.

— மாதிரின்னா?

— சும்மா ஒரு தடவை மேலோட்டமா பாத்துட்டிருக்கேன். அனுப்பறதுக்கு முன்னாடி பாக்க வேணாமா?

— மேலோட்டமாப் பாக்கறவங்க இப்படித் தட்டுவாங்களா? நான் வந்ததுலேர்ந்து உங்க விரல் நிக்கவே இல்ல.

— நீங்க என் விரலைப் பாக்க வந்தீங்களா, ஃபைலை வாங்க வந்தீங்களா?

— சரி சரி... தட்டுங்க. இந்தப் பச்சை எழுத்தைப் பாத்தாலே எனக்குக் கண்ணைக் கட்டுது. ஆபீஸ்ல பசங்க கேக்கறாங்க, உங்க அண்ணி அந்த சாஃப்ட்வேரை மியூசியத்துலேர்ந்து வாங்கினாங்களான்னு.

— கேக்கட்டும். புதுசுல நான் ஒண்ணு அடிச்சா, உனக்குத் தெரியாது போன்னு அது ஒண்ணு திருத்துது. இது சொன்னதைச் செய்யும், வாயை மூடிக்கிட்டு.

— சொன்னதை மட்டும் செய்யும்.

— என்ன சொல்ல வர்றீங்க?

— ஒண்ணும் சொல்ல வரல. ஏன் இப்படிச் சுள்ளுன்னு விழறீங்க? ...இருங்க, முதலாளி கூப்பிடறாரு.

— எடுக்காதீங்க. இல்ல... எடுங்க. கிளம்பிட்டேன்னு சொல்லுங்க.

— ஹலோ... ஆமா சார்... வாங்கிட்டேன் சார், கையில இருக்கு... வந்துட்டே இருக்கேன். சரிங்க சார்... வச்சுட்டாரு.

— என்ன சொன்னாரு?

— வழக்கமா சொல்றதுதான்.

— அதான் என்ன?

— இந்தப் புத்தகம் தாமதமானாலோ, தப்பு வந்தாலோ, இனிமே எது எந்தப் பக்கம்னு பட்டியல் போடற இண்டெக்ஸ் வேலை எல்லாம் வேற கம்பெனிக்குத்தானாம். அவங்க எல்லாம் புது சாஃப்ட்வேர்ல பண்றாங்களாம். நான் விட்டுடுவேனா அண்ணி? உங்களுக்காக நான்தானே வாக்கு குடுத்திருக்கேன்.

— உங்க அண்ணன் இடுப்பு ஒடிஞ்சு படுத்ததுலேர்ந்து இந்த வீட்டு அடுப்பு இந்த மெஷினை நம்பித்தான் எரியுது. தெரியும்ல?

— தெரியும். அண்ணி, ஒண்ணு கேக்கட்டா?

— தட்டிக்கிட்டே கேக்கறேன், கேளுங்க.

— புத்தகம் எழுதின வக்கீல் தொண்ணூறாம் பக்கத்துக்கு அப்புறம் ரெண்டு பக்கம் புதுசா சேத்தாருல்ல...

— ஆமா. அதனால பின்னாடி இருக்கிற பக்கமெல்லாம் ரெண்டு ரெண்டு தள்ளிப் போச்சு. நேத்து நீங்க சொன்னதுமே இண்டெக்ஸ்ல மாத்திட்டேனே.

— மாத்தறதுக்கு முன்னாடி இருந்த ஃபைல் இருக்கா?

— எதுக்கு?

— சும்மாதான்.

— சும்மா யாராவது பழசைக் கேப்பாங்களா?

— ஒரு பாதுகாப்புக்கு...

— இல்ல.

— சுத்தமா இல்லையா?

— இந்த சாஃப்ட்வேர் முந்தின காப்பி ஒண்ணே ஒண்ணுதான் வச்சிருக்கும். திரும்ப சேவ் பண்ணினா அதுவும் போயிடும். கரண்ட் போயிடுமோங்கிற பயத்துல நான் நொடிக்கு நொடி சேவ் பண்ணிட்டேன்.

— அச்செடுத்து வைக்கலையா?

— பிரிண்டர் ரிப்பன் காஞ்சு கிடக்கு. ஏன் உங்க முகம் இப்படி வெளுக்குது?

— வெயில்ல வந்தேன்ல...

— தெரிஞ்சு போச்சா உங்களுக்கு?

— என்ன தெரிஞ்சு போச்சா?

— பின்னாடி நின்னு ஸ்கிரீனைப் பாத்துட்டீங்க. மறைக்காதீங்க தம்பி.

— சத்தியமா ஒண்ணும் பாக்கல. என்ன ஆச்சு அண்ணி?

— கத்த மாட்டீங்களே?

— அண்ணன் தூங்கறாரு, எங்கேர்ந்து கத்தறது? சொல்லுங்க.

— காலைல போன்ல முடிஞ்சிடுச்சுன்னு சொன்னேன்ல. பொய். பக்கம் மாத்தறதுக்கு இதுல ஒரு மேக்ரோ எழுதி வச்சிருக்கேன். ஒரு சாவியை அமுக்கினா, தொண்ணூறுக்கு மேல இருக்கிற எண்ணோட எல்லாம் ரெண்டு கூட்டிடும்.

— நல்லதுதானே?

— இது சட்டப் புத்தகம் தம்பி. பக்கத்துக்கு எண் இருக்கிற மாதிரி சட்டப் பிரிவுக்கும் எண் இருக்கு.

— ஐயோ.

— மெதுவா.

— பிரிவு எண்ணோடயும் கூட்டிடுச்சா?

— அதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்குன்னு அது பாக்குமா? எண்ணைக் கண்டா கூட்டும், அவ்வளவுதான். வழக்கமா பக்கமெல்லாம் இனிமே மாறாதுன்னு உறுதியானப்புறம்தான் பிரிவு எண்ணையே அடிப்பேன். இந்தத் தடவை, லேட்டுன்னு பேர் வந்துடக் கூடாதேன்னு முன்னாடியே அடிச்சுத் தொலைச்சேன்.

— அப்ப இண்டெக்ஸ்ல...

— ஆடு திருடினவனைத் தேடிப் போனா, அங்க கள்ள நோட்டு அடிச்சவன் உக்காந்திருக்கான். கள்ள நோட்டைத் தேடினா, யாரோ அனுமதி இல்லாம கிணறு வெட்டிக்கிட்டிருக்கான்.

— சிரிக்க வைக்காதீங்க அண்ணி. யாராவது இதை நம்பி கோர்ட்ல போய் நின்னா என்ன ஆகறது?

— அதை நினைச்சுத்தான் எனக்கு சோறு இறங்கல. பயமா இருக்கு தம்பி. போன்ல உங்ககிட்ட சொல்லக்கூட நாக்கு எழும்பல.

— ரெண்டு குறைக்கிற மாதிரி ஒரு மேக்ரோ போட முடியாதா?

— முடியாம என்ன? ஒரு நிமிஷ வேலை. ஆனா குறைச்சா பிரிவோட சேந்து பக்கமும் பழைய இடத்துக்கு வந்து நிக்கும். பழைய பக்கத்தை வச்சுக்கிட்டு நாக்கு வழிக்கவா? அதான் வேணாம்னு விட்டுட்டு, காலைலேர்ந்து ஒவ்வொரு பிரிவா கையால திருத்திக்கிட்டிருக்கேன்.

— அதான் இந்தத் தட்டு தட்டறீங்களா... எதுவரைக்கும் வந்திருக்கீங்க?

— 'வ' வந்தாச்சு. வாடகை... விவாகரத்து... வேலி... இதோ, வைப்புத்தொகை. அவ்வளவுதான். சேவ் பண்ணிட்டேன். அப்பாடா. பாத்தீங்களா, நாலரைகூட ஆகல. நீங்க வந்து தலைமேல நின்னீங்க, கையும் தன்னால ஓடிச்சு. இந்தாங்க ப்ளாப்பி, ஃபைல் இதுலதான் இருக்கு.

— அண்ணி... அந்தக் குறைக்கிற மேக்ரோவை இப்ப ஓட்டினா?

— இப்பவா? விளையாடறீங்களா? நான் கையால சரி பண்ணின பிரிவெல்லாம் ரெண்டு ரெண்டு குறைஞ்சு நாசமாப் போகும். திரும்ப அ-விலேர்ந்து உக்காரணும். முடிக்க நாளைக்கு ஆயிடும்.

— காலைலயே ஓட்டியிருந்தா?

— அதான் சொன்னேனே, பிரிவு, பக்கம் எல்லாம் பழையபடி ஆயிருக்கும். பக்கம் மட்டும் மாறாம இருந்திருந்தா, ஒரே அமுக்கு அமுக்கிட்டு நிம்மதியா தூங்கியிருப்பேன். ஏன் திரும்பத் திரும்ப அதையே கேக்கறீங்க? பிடிங்க தம்பி... நேரமில்லன்னு சொல்லிட்டு இப்ப ஏன் உக்காந்துட்டீங்க?

— அந்த ரெண்டு பக்கம் வேணாம்னு வக்கீல் நேத்து சாயங்காலமே எடுத்துட்டாரு அண்ணி. அதைச் சொல்லத்தான் காலைல போன் பண்ணினேன்... எல்லாம் முடிஞ்சிடுச்சுன்னு நீங்க சந்தோஷமா சொன்னதும், எனக்கு வாய் வரல.